பிரைவேட் உறுப்பும் உள்கிளாஸும்: ஆஸ்பெக்ட் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழி

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "மண்டி" என்று ஒரு கிளாஸ். அதில் "கையிருப்பு" பிரைவேட் ஃபீல்ட், கிலோ கணக்கில். "கமிஷன்கழி" பிரைவேட் மெத்தட். மண்டிக்குள்ளேயே இரண்டு உள்கிளாஸ்கள்: விவசாயிக்குக் கொடுக்கும் "சிட்டை", இது ஸ்டேட்டிக் அல்லாதது, "விலைப்பலகை", இது ஸ்டேட்டிக். முகூர்த்த நாளில் மல்லிகை விலை விடிகாலையில் ஒன்று, வெயில் ஏறியதும் வேறொன்று. யார் எந்த நேரத்தில் கமிஷன் கழித்தார்கள் என்று தடம் வைக்க "தணிக்கை" என்று ஓர் ஆஸ்பெக்ட், அதாவது மற்றக் கிளாஸ்களின் நிரலைத் திருத்தாமல் அவற்றில் கூடுதல் வேலையைச் செருகும் தனித் துண்டு. கீழே வரும் பிழைகள் எல்லாவற்றுக்கும் இந்த மண்டிதான் உதாரணம்.

ஜாவாவின் குறிச்சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். கிளாஸ், மெத்தட் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். யூனிகோட் எழுத்துகளை ஜாவா ஏற்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் பெயருக்குள் வரலாம். விண்டோஸில் ஜேடிகே 17 வரை என்கோடிங் ஆப்ஷனில் யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் கம்பைலர் இந்தப் பெயர்களைச் சிதைத்துவிடும். ஜேடிகே 18 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு.

அறிகுறிக்குப் போகுமுன் ஒரு பிரிவினை மனதில் இருக்கட்டும். இங்கே கேள்விகள் இரண்டு. ஒரு நிரல்வரி பிரைவேட் உறுப்பைத் தொட அனுமதி உண்டா என்பது ஒன்று. பாயிண்ட்கட்டின் (எந்த இடங்களில் செருக வேண்டும் என்று சொல்லும் விதி) கண்ணில் அந்தத் தொடுதல் படுமா, பட்டால் எந்த இடத்தில் நடந்ததாகப் படும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கம்பைலரும், நிரலை ஓட்டும் ஜேவிஎம்மும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நெசவாளியோ (ஆஸ்பெக்ட்டைக் கிளாஸுக்குள் பின்னும் கருவி) பிராக்ஸியோ (அசல் பொருளுக்கு முன் நின்று அழைப்புகளை வாங்கும் பொருள்) பதில் சொல்லும். இதைப் பிரிக்காமல் "பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்கிப் பார்ப்போம்" என்று கை வைத்தால், சில சமயம் பிழை போகும். ஏன் போனது என்று தெரியாது.

ஆகவே முதலில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெக்ட்டைப் பொருத்துவது யார்: ஆஸ்பெக்ட்ஜே கருவியின் ஏஜேசி கம்பைலரா, கிளாஸ்களைக் கட்டி வைத்த ஜார் கோப்பின் மேல் பின்னர் செய்யும் நெசவா, கிளாஸ் ஏறும்போது செய்யும் லோடு நேர நெசவா, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் பிராக்ஸியா? கிளாஸ் கோப்பின் மேஜர் எண் என்ன? ஜாவாபி கருவியை வெர்போஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் தெரியும்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. நெசவாளியின் பதிப்பு என்ன? ஜாவா 11-க்கு ஆஸ்பெக்ட்ஜே 1.9.2, ஜாவா 17-க்கு 1.9.8, ஜாவா 21-க்கு 1.9.21 என்பவை கீழ்வரம்பு. இதற்குக் கீழே இருந்தால் மற்ற எதையும் பார்க்காதீர்கள்; முதலில் பதிப்பை ஏற்றுங்கள்.


அறிகுறி: ஆஸ்பெக்ட் கம்பைல் ஆகவில்லை, "மண்டி.கையிருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை" என்ற வகைப் பிழை

இது அனுமதிக் கேள்வி. அட்வைஸின் (ஆஸ்பெக்ட் செருகும் நிரல்) உடலும் சாதாரண ஜாவா நிரல்தான். பிரைவேட் விதி அதற்கும் உண்டு. ஆனால் பாயிண்ட்கட்டுக்கு அந்தத் தடை இல்லை. மெத்தடின் உடல் ஓடும் இடத்தைப் பிடிக்க எக்ஸிகியூஷன்(பிரைவேட் * மண்டி.*(..)) என்று தாராளமாக எழுதலாம். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்: பாயிண்ட்கட் பிரைவேட் மெத்தடைப் பிடிக்கிறது, அட்வைஸ் மட்டும் அதைக் கூப்பிட முடியவில்லை என்றால் கருவியில் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். கோளாறு இல்லை, பார்ப்பது வேறு, தொடுவது வேறு.

தீர்வுக்கு இரண்டு வழி. ஆஸ்பெக்ட் என்ற சொல்லுக்கு முன்னால் பிரிவிலெஜ்ட் என்று சேர்ப்பது முதல் வழி. ஏஜேசி கம்பைலரின் சொந்த எழுத்து நடையில் மட்டும் இது செல்லும். சாதாரண ஜாவா கிளாஸின் தலையில் @ஆஸ்பெக்ட் என்று குறிப்பு ஒட்டி எழுதும் நடையில் பிரிவிலெஜ்டுக்கு இடமே இல்லை. அந்த நடையில் இருப்பவர்கள் செட்அக்சஸிபிள் அழைத்து ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே உறுப்புகளைப் பெயர் சொல்லித் தேடித் தொடும் வசதி) வழியாகப் போக வேண்டும், அல்லது நடையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி நமக்கு மேலாகத் தோன்றுகிறது: ஆஸ்பெக்ட்டை மண்டி கிளாஸுக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள். உள்ளே வைக்கும் ஆஸ்பெக்ட் கட்டாயம் ஸ்டேட்டிக்காக இருக்க வேண்டும்; அது ஒன்றே நிபந்தனை. மண்டியின் உள்கிளாஸ்களுக்கு இருக்கும் அதே உரிமை அதற்கும் கிடைத்துவிடும். பிரிவிலெஜ்ட் தேவையில்லை. ஊர்ப்பட்ட கிளாஸ்களின் பிரைவேட்டைத் திறந்துவிடும் சாவி ஒன்றை யாரிடமும் கொடுக்காமல் காரியம் முடிகிறது.

பிரிவிலெஜ்ட் ஆஸ்பெக்ட்டுக்குள் நீங்களே ஓர் உள்கிளாஸோ அனானிமஸ் கிளாஸோ எழுதி, அதிலிருந்து மண்டி.கையிருப்பைப் படிக்கும்போது பிழை வந்தால், அந்த இடத்தில் போராட வேண்டாம். மதிப்பை அட்வைஸின் உடலிலேயே ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து, உள்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வரி கூடும். எந்தப் பதிப்பிலும் ஓடும்.


அறிகுறி: மண்டிக்குப் புதிதாகச் சேர்த்த பிரைவேட் ஃபீல்ட், சிட்டைக்குத் தெரியவில்லை

ஆஸ்பெக்ட்டுக்குள்ளிருந்து மண்டிக்கு ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது அதில் பிரைவேட் என்று எழுதினால், அந்தப் பிரைவேட் மண்டியைச் சார்ந்தது அல்ல, ஆஸ்பெக்ட்டைச் சார்ந்தது. மண்டிக்கும் தெரியாது, அதன் உள்கிளாஸான சிட்டைக்கும் தெரியாது. சிட்டைக்கு வேண்டுமானால் பப்ளிக் ஆக்குங்கள், அல்லது எந்தச் சொல்லும் போடாமல் பாக்கேஜ் அளவில் விடுங்கள். பாக்கேஜ் அளவு என்பதும் ஆஸ்பெக்ட் இருக்கும் பாக்கேஜைக் குறிக்கும். ப்ரொடெக்டட் இங்கே அனுமதி இல்லை.


அறிகுறி: கம்பைல் சரி, ஓட்டமும் சரி, ஆனால் அட்வைஸ் ஒரு தடவைகூட ஓடவில்லை

ஸ்பிரிங் பிராக்ஸியா, ஆஸ்பெக்ட்ஜே நெசவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒரே குறிப்புச் சொற்களைப் பயன்படுத்துவதால் நிரலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

ஸ்பிரிங் என்றால் கமிஷன்கழி பிரைவேட்டாக இருக்கும்வரை அட்வைஸ் ஓடவே ஓடாது. பிராக்ஸி என்பது மண்டிக்கு முன்னால் நிற்கும் வாசல்காரர். பிரைவேட் மெத்தடை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. உள்ளே இருப்பவர்கள் கூப்பிடுவது வாசலைத் தாண்டி வராது. சிட்டை என்ற உள்கிளாஸ் கூப்பிடும்போது அதன் கையில் இருப்பது மண்டி.திஸ், அதாவது அசல் பொருள், பிராக்ஸி அல்ல. ஆகவே மெத்தடைப் பப்ளிக் ஆக்கினாலும் சிட்டையின் அழைப்பு அட்வைஸில் படாது. பப்ளிக் ஆக்கிப் பார்த்துவிட்டு "அப்போதும் வரவில்லை" என்று தலையைச் சொறிபவர்களுக்குக் காரணம் இதுதான். கமிஷன் கழிக்கும் வேலையைத் தனி பீனாக (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் பொருள்)ப் பிரித்து மண்டிக்குள் செலுத்துங்கள். இல்லையென்றால் ஆஸ்பெக்ட்ஜே நெசவுக்கு மாறுங்கள். ஸ்பிரிங்கில் கால் (மெத்தடைக் கூப்பிடும் இடம்), கெட், செட் (ஃபீல்டைப் படிக்கும், எழுதும் இடங்கள்), வித்தின்கோட் (ஒரு மெத்தடுக்குள் இருக்கும் இடங்கள்) போன்ற பாயிண்ட்கட்டுகளும் கிடையாது. எழுதினால் தொடக்கத்திலேயே இல்லீகல் ஆர்க்யுமெண்ட் எக்ஸெப்ஷன் வரும்.

நெசவுக்கு மாறும்போது பழைய பிராக்ஸி அமைப்பை எடுக்க மறக்காதீர்கள். இரண்டும் இருந்தால் வாசலில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று ஒரே பப்ளிக் அழைப்புக்கு லாக் இரண்டு வரும்.

ஆஸ்பெக்ட்ஜே என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஏஜேசியில் ஷோவீவ்இன்ஃபோ ஆப்ஷனைப் போடுங்கள். லோடு நேர நெசவில் ஏஓபி எக்ஸ்எம்எல் கோப்பின் வீவர் ஆப்ஷனில் வெர்போஸையும் இதையும் சேருங்கள். எந்த ஜாயின்பாயிண்டில் (அட்வைஸ் செருகக்கூடிய இடம்) எந்த அட்வைஸ் பொருந்தியது என்று வரி வரியாக வரும். எதுவுமே வராவிட்டால் நெசவே நடக்கவில்லை. ஏஜெண்ட் ஏறவில்லை, அல்லது இன்க்ளூட் வரம்புக்கு வெளியே கிளாஸ் இருக்கிறது.

2. "அட்வைஸ் டிட் நாட் மேட்ச்" என்ற எச்சரிக்கை வந்தால் நெசவு நடந்தது, பாயிண்ட்கட் பொருந்தவில்லை. உள்கிளாஸின் பெயரை மண்டி$சிட்டை என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். கிளாஸ் கோப்பின் பெயரில் டாலர் குறி இருக்கும். பாயிண்ட்கட்டில் புள்ளிதான்: மண்டி.சிட்டை. டாலர் குறி ஜாவாவில் பெயருக்குள் வரக்கூடிய எழுத்து என்பதால் அது இலக்கணப் பிழையாகத் தெரியாது. "இப்படி ஒரு டைப் இல்லை" என்ற எச்சரிக்கையோடு அமைதியாகிவிடும்.

3. எக்ஸிகியூஷன்(* மண்டி.*(..)) என்பது சிட்டையின் மெத்தடுகளைப் பிடிக்காது. அவற்றுக்கு மண்டி.சிட்டை என்றோ, எல்லா உள்கிளாஸுக்கும் சேர்த்து மண்டி..* என்றோ எழுதுங்கள். வித்தின்(மண்டி) மட்டும் வேறு மாதிரி: மண்டியின் எல்லைக்குள் எழுதப்பட்ட எல்லாவற்றையும், உள்கிளாஸ்களையும் சேர்த்தே அணைத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு அடுத்து வரும் பெரிய பிழைக்கு மருந்தாகவும் பயன்படும்.

லோடு நேர நெசவில் ஆஸ்பெக்ட்ஆஃப் என்ற மெத்தட் இல்லை என்று நோ சச் மெத்தட் எரர் வந்தால், ஆஸ்பெக்ட் கிளாஸே நெசவுக்குள் வரவில்லை என்று பொருள். இன்க்ளூட் வரம்பில் மண்டியின் பாக்கேஜ் இருக்கும், தணிக்கையின் பாக்கேஜ் இருக்காது. சேர்த்துவிடுங்கள்.


அறிகுறி: சரக்கு 40 கிலோ இருக்கிறது, ஆனால் விலைப்பலகை 0 என்று காட்டுகிறது; அல்லது காரணமே இல்லாத நல் பாயிண்டர் பிழை

இது ஸ்பிரிங்கின் சிஜிலிப் பிராக்ஸியில் மட்டும் வரும். ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இந்த வகைப் பிராக்ஸிதான் இயல்பு என்பதால் இது யாருக்கும் வரலாம். கண்டுபிடிக்க வெகுநேரம் பிடிக்கும் பிழை இது. எங்குமே தவறு செய்ததாகத் தெரியாது.

நடப்பது இது. விலைப்பலகை ஸ்டேட்டிக் உள்கிளாஸ். அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு மண்டி பீனைச் செலுத்துகிறீர்கள். உள்கிளாஸ் ஆயிற்றே என்று கெட்டர் (ஃபீல்டின் மதிப்பைத் தரும் மெத்தட்) எழுதாமல் நேராக மண்டி.கையிருப்பு என்று படிக்கிறீர்கள். கம்பைலர் அனுமதிக்கிறது, ஜேவிஎம்மும் அனுமதிக்கிறது. ஆனால் கையில் வந்தது மண்டி அல்ல. மண்டியிலிருந்து கிளை பிரிந்த பிராக்ஸி. அது மண்டியின் பிள்ளை என்பதால் அதற்கும் கையிருப்பு என்று ஒரு ஃபீல்ட் உண்டு. அந்த ஃபீல்டை யாரும் நிரப்பவில்லை. ஸ்பிரிங் 4.0 முதல் பிராக்ஸிப் பொருளை ஆப்ஜெனிசிஸ் என்ற நூலகத்தின் வழியாக, கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலே உருவாக்குகிறது. எண் ஃபீல்ட் 0, பொருள் ஃபீல்ட் நல். மெத்தட் அழைத்தால் பிராக்ஸி அதை அசலுக்குக் கடத்தும். ஃபீல்டைக் கடத்த வழியே இல்லை. பிரைவேட் மெத்தடும் அப்படியே: அதை மேலெழுத முடியாததால், பிராக்ஸியின் மேலேயே ஓடி, அதன் வெறும் ஃபீல்டுகளைப் பார்க்கும். ஃபைனல் மெத்தடுக்கும் இதே கதி.

குழப்பத்தைக் கூட்டும் ஒரு விஷயம் உண்டு. மண்டியில் "பிரைவேட் ஃபைனல் கமிஷன் = 10" என்று நிலையான எண்ணோடு ஃபீல்ட் இருந்தால் அது மட்டும் சரியாக 10 என்றே வரும். ஜாவாசி கம்பைலர் அந்த எண்ணைப் படிக்கும் இடத்திலேயே பதித்துவிடுகிறது. ஃபீல்டைத் தொடுவதே இல்லை. ஒரு ஃபீல்ட் சரியாக வருகிறதே, பிராக்ஸிமேல் எப்படிச் சந்தேகப்படுவது என்று ஆள் டேட்டாபேஸைத் தோண்டப் போய்விடுவார்.

உறுதி செய்ய: விலைப்பலகைக்குள் மண்டியின் கெட்கிளாஸ் பெயரை அச்சிடுங்கள். பெயரில் $$ஸ்பிரிங்சிஜிலிப்$$ என்றோ, ஸ்பிரிங் 6-க்கு முன் என்றால் $$என்ஹான்சர்பைஸ்பிரிங்சிஜிலிப்$$ என்றோ இருந்தால் விஷயம் முடிந்தது. தீர்வு: ஃபைனல் அல்லாத பப்ளிக் கெட்டர் எழுதி அதன் வழியாகப் படியுங்கள். உள்கிளாஸ் உரிமையைப் பீன் மேல் பயன்படுத்தாதீர்கள் என்பதை அணியின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.


அறிகுறி: ஜாவா 8-லிருந்து 11-க்கோ 17-க்கோ மாறியதும் தணிக்கை லாக் மாறிவிட்டது, நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை

இதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். உள்கிளாஸ் ஜாவாவுக்கு வந்தது 1997-ல், ஜேடிகே 1.1-ல். ஆஸ்பெக்ட் நிரலாக்கம் பற்றிய முதல் கட்டுரையைக் கிரெகர் கிக்சாலெஸும் சகாக்களும் ஈகூப் என்ற நிரலாக்க மாநாட்டில் வைத்ததும் அதே 1997-ல்தான். உள்கிளாஸைச் சேர்த்தபோது ஜேவிஎம்மை மாற்றவில்லை. ஜேவிஎம்முக்கு மண்டி ஒரு கிளாஸ், மண்டி$சிட்டை வேறொரு கிளாஸ், உறவு தெரியாது. சிட்டை மண்டியின் பிரைவேட்டைத் தொட வேண்டுமென்றால், மண்டிக்குள் அக்சஸ்$000 என்ற பெயரில் ஒரு ஸ்டேட்டிக் மெத்தடைக் கம்பைலரே ரகசியமாக எழுதி வைக்கும். சிட்டை அதைக் கூப்பிடும். 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-தான் இந்தக் கொல்லைப்புற வழியை மூடியது. நெஸ்ட்ஹோஸ்ட், நெஸ்ட்மெம்பர்ஸ் என்ற இரண்டு குறிப்புகள் கிளாஸ் கோப்பில் சேர்ந்தன. ஒரே வீட்டார் என்று ஜேவிஎம்முக்கே தெரிந்துவிட்டது. சிட்டை நேராகவே தொடுகிறது.

அனுமதிக் கேள்விக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. பார்வைக் கேள்விக்கு எல்லாமே மாறிவிட்டது. நெசவாளி பார்ப்பது நீங்கள் எழுதிய வரியை அல்ல, கம்பைலர் உருவாக்கிய பைட்கோடை. செல்லூர்த் தறியில் ஊடு நூல் பாவைக் குறுக்கிடும் இடம் எதுவோ அதுதான் ஜாயின்பாயிண்ட். ஜாவாசி 8-ல் கம்பைல் செய்த ஜாரை நெசவு செய்யும்போது, கையிருப்பைப் படிக்கும் கட்டளை சிட்டைக்குள் இல்லை. மண்டிக்குள் அக்சஸ்$000-ல் இருக்கிறது. 11-க்குக் கம்பைல் செய்தால் அதே கட்டளை சிட்டைக்குள் இருக்கிறது.

கெட்(* மண்டி.கையிருப்பு) && வித்தின்(மண்டி.சிட்டை) என்ற பாயிண்ட்கட், ஜாவா 8-ல் சிட்டை எத்தனை தடவை படித்தாலும் பொருந்தாது, 11-ல் பொருந்தத் தொடங்கும். வித்தினுக்குப் பதில் திஸ்(மண்டி.சிட்டை) என்று எழுதினாலும் அதே கதை: அக்சஸ்$000 ஸ்டேட்டிக் மெத்தட், அதற்குத் திஸ் கிடையாது. !வித்தின்(மண்டி.சிட்டை) என்று விலக்கி எழுதியவர்களுக்குத் தலைகீழ்: 8-ல் வந்துகொண்டிருந்த பதிவுகள் 11-ல் காணாமல் போகும். கமிஷன்கழிக்கான கால் பாயிண்ட்கட்டுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

ஜாவா 8 பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள். லாக்கில் வரும் வரி எண், சிட்டையில் படித்த வரியைக் காட்டாமல் மண்டி கிளாஸ் தொடங்கும் வரியையே காட்டும். ரகசிய மெத்தடுக்கு ஜாவாசி அந்த வரி எண்ணைத்தான் கொடுக்கிறது. எக்ஸிகியூஷன்(* மண்டி.*(..)) என்று அகலமாக எழுதியிருந்தால், யாரும் எழுதாத அக்சஸ்$000, அக்சஸ்$100 என்ற பெயர்கள் தடத்தில் தலைகாட்டும்.

உறுதி செய்ய மண்டி கிளாஸ் கோப்பின் மேல் ஜாவாபியைப் பி, வி ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். அக்சஸ்$ பெயர்கள் தெரிந்தால் பழைய வழி. கடைசியில் நெஸ்ட்மெம்பர்ஸ் தெரிந்தால் புதிய வழி. ஜேடிகே 17-ஐ நிறுவிவிட்டு, பில்ட் கருவியான மேவனின் கோப்பில் டார்கெட் இன்னும் 8 என்றே இருந்தால் பழைய வழிதான் நீடிக்கும். ஓடும் ஜாவாவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பாயிண்ட்கட்டை இரு பக்கமும் ஒரே மாதிரி ஓடும்படி எழுத வழி உண்டு. மெத்தடைக் கண்காணிக்கக் கால் வேண்டாம், எக்ஸிகியூஷனே போதும்: யார் எந்த வழியாகக் கூப்பிட்டாலும் கமிஷன்கழியின் உடல் மண்டிக்குள்தான் ஓடும். ஃபீல்டுக்குக் கெட், செட்டோடு வித்தின்(மண்டி) என்று வெளிக்கிளாஸை எழுதுங்கள். கட்டளை எந்தப் பக்கம் இருந்தாலும் அது உள்ளடக்கிவிடும். எந்த உள்கிளாஸ் தொட்டது என்று பிரித்தே ஆக வேண்டுமானால் டார்கெட்டை 11-க்கோ அதற்கு மேலோ ஏற்றுங்கள். 8-லேயே இருந்துகொண்டு அதைச் சாதிக்க முயல்வது வீண் வேலை. அகலமான எக்ஸிகியூஷனோடு && !எக்ஸிகியூஷன்(* *..அக்சஸ்$*(..)) என்று விலக்கு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ரிஃப்ளெக்ஷனிலும் இதன் வால் தெரியும். 8-ல் உள்கிளாஸிலிருந்து வெளிக்கிளாஸின் பிரைவேட் மெத்தடை இன்வோக் செய்தால் இல்லீகல் அக்சஸ் எக்ஸெப்ஷன் வரும். நேராகக் கூப்பிட்டால் வராது. 11 முதல் இரண்டும் ஒன்றே. ஆனால் வெளியே இருக்கும் தணிக்கை ஆஸ்பெக்ட் வீட்டார் பட்டியலில் இல்லை. அதற்கு எந்தப் பதிப்பிலும் செட்அக்சஸிபிள் தேவை.


அறிகுறி: கடையில் நிறுவிய பிறகு "அக்சஸ்$000 என்ற மெத்தட் இல்லை" அல்லது இல்லீகல் அக்சஸ் எரர், அலுவலகத்தில் ஓடுகிறது

கிளையன்ட் கடையில் அவசரத்துக்கு ஒரே ஒரு கிளாஸ் கோப்பை மட்டும் ஜாருக்குள் மாற்றி வைக்கும் பழக்கத்தின் பலன் இது. உள்கிளாஸ் இருக்கும் கிளாஸுக்கு அந்தக் கைவேலை ஒத்துவராது.

மண்டியை 11-க்குக் கம்பைல் செய்து வைத்து, பழைய மண்டி$சிட்டை 8-லேயே இருந்தால், சிட்டை தேடும் அக்சஸ்$000 மண்டியில் இருக்காது: நோ சச் மெத்தட் எரர். மாறாகப் புதிய சிட்டையும் பழைய மண்டியும் சேர்ந்தால், சிட்டை நேராகத் தொடப் பார்க்கும், மண்டியின் நெஸ்ட்மெம்பர்ஸ் பட்டியலில் அதன் பெயர் இருக்காது: இல்லீகல் அக்சஸ் எரர். உறவை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் ஜேவிஎம் ஏற்காது. இரண்டும் 8 என்றால் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பிரைவேட் ஃபீல்ட் ஒன்றைப் புதிதாகத் தொட்டால் 000, 100, 200 என்ற வரிசை இடம் மாறலாம். பெயரும் வகையும் தற்செயலாகப் பொருந்திவிட்டால் பிழையே வராமல் வேறு ஃபீல்டின் மதிப்பு வரும். கணக்கு மென்பொருளில் இதைவிட மோசமானது வேண்டாம்.

தீர்வு: மண்டி என்று தொடங்கும் எல்லாக் கிளாஸ் கோப்புகளையும், மண்டி$1 போன்ற அனானிமஸ் கோப்புகளையும் விடாமல், ஒரே கம்பைலிலிருந்து சேர்த்து மாற்றுங்கள். நெசவு செய்த கோப்போடு நெசவு செய்யாத கோப்பைக் கலக்காதீர்கள். முழு ஜாரையே அனுப்பினால் இந்தப் பத்தியே தேவையில்லை.


அறிகுறி: சிட்டையின் கன்ஸ்ட்ரக்டர் பாயிண்ட்கட் பொருந்தவில்லை, அல்லது இரட்டையாகப் பொருந்துகிறது

ஸ்டேட்டிக் அல்லாத உள்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்கு, பைட்கோடில் முதல் அளவுருவாக வெளிக்கிளாஸின் பொருள் ஒட்டிக்கொள்ளும். மண்டி.சிட்டை.நியூ() என்று வெறும் அடைப்புக்குறி எழுதினால் பொருந்தாமல் போகும். நியூ(..) என்று எழுதுங்கள்.

இரட்டைப் பதிவு ஜாவா 8-ல் வருவது. சிட்டையின் கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட் என்றால், மண்டி அதைக் கூப்பிட ஜாவாசி இன்னொரு கன்ஸ்ட்ரக்டரை எழுதி, வேறுபடுத்த மண்டி$1 வகையில் ஒரு வெற்று அளவுருவையும் சேர்க்கும். புதிய கன்ஸ்ட்ரக்டர் அசல் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும். எக்ஸிகியூஷன் இரண்டிலும் பொருந்தும். இனிஷியலைசேஷன்(மண்டி.சிட்டை.நியூ(..)) என்று மாற்றினால் ஒரு பொருளுக்கு ஒரு தடவைதான் ஓடும்.


அறிகுறி: திஸ்$0 என்ற ஃபீல்ட் இல்லை என்று நோ சச் ஃபீல்ட் எக்ஸெப்ஷன், ஜேடிகே 18 முதல்

சிட்டை எந்த மண்டியைச் சேர்ந்தது என்று அறிய, அட்வைஸில் ரிஃப்ளெக்ஷன் வைத்துத் திஸ்$0-ஐப் படிக்கும் குறுக்குவழி சில இடங்களில் புழங்குகிறது. உள்கிளாஸ் வெளிக்கிளாஸைப் பயன்படுத்தவே இல்லை என்றால், ஜேடிகே 18 முதல் ஜாவாசி அந்த ஃபீல்டை எழுதுவதில்லை. இதனால்தான் ஒரு உள்கிளாஸில் வேலை செய்யும், பக்கத்து உள்கிளாஸில் செய்யாது. சிட்டையில் மண்டி.திஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கும் மெத்தட் ஒன்றை எழுதி, அதைக் கூப்பிடுங்கள்.


அறிகுறி: அனானிமஸ் கிளாஸை லாம்டாவாக மாற்றியதும் பாயிண்ட்கட் நழுவியது

அனானிமஸ் கிளாஸ் ஓர் உள்கிளாஸ். மண்டி$1 என்று தனிக் கோப்பாகும். லாம்டா அப்படி அல்ல. அதன் உடலை ஜாவாசி மண்டிக்குள்ளேயே லாம்டா$ஏலம்$0 என்பது போன்ற பிரைவேட் மெத்தடாக எழுதும். ஆகவே வித்தின்(மண்டி) பொருந்தும், வித்தின்கோட்(* மண்டி.ஏலம்(..)) லாம்டாவுக்குள் நடப்பதைப் பிடிக்காது. திஸ் என்பதும் அனானிமஸ் பொருளிலிருந்து மண்டிக்கு மாறிவிடும். லாம்டா மண்டியின் எந்த உறுப்பையும் தொடவில்லை என்றால் அந்த மெத்தட் ஸ்டேட்டிக் ஆகி, திஸ் அடியோடு இல்லாமல் போகும். வித்தின்கோட் எழுதிய இடத்தில் || வித்தின்கோட்(* மண்டி.லாம்டா$ஏலம்$*(..)) என்று சேர்த்தால் ஜாவாசி கோப்புகளுக்கு வேலை நடக்கும். ஏஜேசியிலேயே மூலத்தைக் கம்பைல் செய்தால் நடுவில் மெத்தட் பெயர் வராமல் லாம்டா$0 என்று மட்டும் இருக்கும். அங்கே லாம்டா$* என்று அகலமாக எழுதுங்கள்.